மன்னிக்கச் சொல்லுறீங்க, யாரை?

அம்மம்மா நத்தாருக்கு நடுச்சாமப் பூசைக்குப் போறதில்ல. நான் அறிய ஒருக்காலும் போனதில்ல. 24ஆம் திகதி இரவு நாங்க எல்லாரும் புதுச்சட்டை போட்டு வெளிக்கிட, அவ வாசல்ல நிண்டு எங்கட நெத்தியில சிலுவை போட்டு அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருவா. விடிஞ்சதும் காலைப் பூசைக்குத் தனியப் போவா. அங்கயும் நடு வாங்குகள்ல இருக்கமாட்டா. பக்கவாசலுக்குக் கிட்ட, வெளிய பாத்தா ரோட்டுத் தெரியிற மாதிரி ஒரு இடம் அவவுக்கு இருக்கு. வேற ஆரும் அதில இருந்தா, பின்னால நிண்டுகொண்டே பூசை காணுவா.

வயசு போன ஆக்கள், நித்திரை முழிக்கேலாது, அதான் எண்டு நான் நினைச்சிருந்தன். பத்தாம் ஆண்டு படிக்கக்குள்ளதான் ஒருநாள் கேட்டன். அவ கீரை ஆய்ஞ்சுகொண்டு இருந்தா. தலை நிமிராமலே சொன்னா:

"வெடி கொளுத்துறாங்க எண்டுதான் மகள் நான் நினைச்சன். நத்தார்தானே. கோயிலுக்குள்ளயும் வெடி கொளுத்துறானுகளே, அறிவில்லாத பொடியன்கள் எண்டு பக்கத்தில இருந்தவக்கிட்ட சொல்லவும் செஞ்சன். ஆக்கள் நிலத்தில விழுந்து படுத்த பொறகுதான் விளங்கினது."

அதுக்கு மேல சொல்லயில்ல. நானும் கேக்கயில்ல. அண்டைக்குப் பின்னேரம் கூகுள்லதான் மிச்சத்தை வாசிச்சன். எங்கட வீட்டில இருந்த ஒருத்தர் கண்ணால கண்ட விசயத்தை நான் போன்ல தேடி வாசிக்க வேண்டி வந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 டிசம்பர் 24 இரவு, மட்டக்களப்பு புளியந்தீவில் இருக்கிற புனித மரியாள் இணைப்பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலி. ஒப்புக்கொடுத்தவர் அப்போதைய திருகோணமலை மட்டக்களப்பு ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை. அதிகாலை ஒரு மணி கடந்த நேரம். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் நற்கருணை வாங்கினார். அதற்குப் பிறகு, கோவிலுக்குள்ளேயே வைத்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி சுகுணம் படுகாயப்பட்டார். வேறு ஆட்களுக்கும் காயம். சுட்டவர்கள் கோவிலை விட்டு வெளியேறிப் போனார்கள். போர்நிறுத்த ஒப்பந்தம் கடதாசியில் இருந்த காலம் அது. சோதனைச் சாவடிகளைத் தாண்டாமல் புளியந்தீவுக்குள் ஒரு சைக்கிள் போகாத காலமும்தான்.

ஜோசப் பரராஜசிங்கம் பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1990 மே மாதம் மட்டக்களப்புப் பாராளுமன்ற உறுப்பினர் சாம் தம்பிமுத்துவும் மனைவியும் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வெற்றிடத்துக்குத்தான் இவர் பாராளுமன்றம் போனார். அதாவது கொலையால் காலியான கதிரையில் இருந்தவர், கொலையாலேயே அதை விட்டுப் போனார். வடக்குக் கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் ஸ்தாபக உறுப்பினர்களில் ஒருவர். அவர் இறந்த பிறகு விடுதலைப் புலிகள் 'மாமனிதர்' பட்டம் கொடுத்தார்கள். அவருடைய அரசியலோடு உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

இனி வழக்கு.

2006இல் அரசாங்கம் பாரிய மனித உரிமை மீறல்களை விசாரிக்க ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு நியமித்தது. உடலகம ஆணைக்குழு என்று சொல்வார்கள். அதற்குக் கொடுக்கப்பட்ட 16 சம்பவங்களின் பட்டியலில் இந்தக் கொலையும் இருந்தது. 2009இல், பட்டியலை முடிக்காமலே ஆணைக்குழுவின் காலம் முடிந்தது. அனைத்துப் பாராளுமன்ற ஒன்றியம் இந்தக் கொலையைப் பற்றித் தொடர்ந்து கேள்வி கேட்டது. ஒன்றும் அசையவில்லை. 2015இல் ஆட்சி மாறின பிறகுதான் கைதுகள் நடந்தன. அந்த ஒக்டோபரில் கிழக்கு மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் சிவநேசதுரை சந்திரகாந்தன் கைதானார். ஐந்து வருடத்துக்குக் கிட்ட விளக்கமறியல். உள்ளே இருந்துகொண்டே 2020 ஓகஸ்ட் தேர்தலில் கேட்டு, மட்டக்களப்பு மாவட்டத்தில் அதிகூடிய விருப்பு வாக்குகளை எடுத்து வென்றார். அந்த வருடம் நவம்பரில் பிணை. 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடர்ந்து கொண்டு போவதில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அவரும் மற்ற நால்வரும் விடுதலை.

அவர்கள் சட்டத்தின் முன் நிரபராதிகள். அதை மாற்றி எழுத எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நேர்மையாக எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. இவர்கள் இல்லையென்றால், யார்? ஒரு ஆயருக்கு முன்னால், நிரம்பி வழிந்த கோவிலில், துவக்கோடு வந்தவர்கள் யார்? அந்தக் கேள்வியைத் தேடுகிற வேலை அரசாங்கத்தில் இப்ப யாருடைய மேசையில் கிடக்கிறது?

இதில் இன்னொரு விசயமும் இருக்கு. இதைச் சொன்னால் எங்கட ஆட்களே கோவிப்பாங்க. அந்த வழக்கில் முக்கியமாக இருந்தது பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெறப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள். அதைச் சான்றாக எடுக்க முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதோடு வழக்கு நிலைகுலைந்தது. அப்ப எத்தனையோ பேர் "ஐயோ, வாக்குமூலத்தைத் தள்ளிப்போட்டாங்களே" என்று கவலைப்பட்டாங்க. நான் கவலைப்படமாட்டன். எத்தனை தமிழ்ப் பொடியன்கள் அதே சட்டத்தின் கீழ், வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதின வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள்? அந்தச் சட்டம் எங்கட பிள்ளைகளுக்குக் கூடாது, எங்களுக்குப் பிடிக்காத ஆட்களுக்கு மட்டும் சரி என்று சொல்ல முடியாது. என்னோட கோவம் வேற. கோவில் நிறைய சனம் இருந்த இடத்தில் நடந்த ஒரு கொலைக்கு, பதினைந்து வருடத்துக்குப் பிறகு, அந்த வாக்குமூலங்களை எடுத்துவிட்டால் வழக்கை நடத்தவே முடியாது என்ற நிலை எப்படி வந்தது? அன்று இரவே செய்ய வேண்டிய வேலையை யார் செய்யவில்லை? அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பொலிசும் அரசாங்கமும். வாக்குமூலத்தைத் தள்ளின நீதிபதிகள் இல்லை.

நான் எழுத வந்தது வழக்கைப் பற்றி மட்டுமில்லை. தீர்க்கப்படாத ஒரு கொலை ஒரு கோவில் சனத்துக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி.

முதலாவது, அது உடம்பில் தங்கும். அம்மம்மாவின் பக்கவாசல் வாங்கு அதுதான். எங்கட பங்கில (பேர் சொல்லத் தேவையில்ல, மட்டக்களப்பில எந்தப் பங்கெண்டாலும் ஒண்டுதான்) நற்கருணை வாங்கினதும் குனிந்தபடி திரும்பி வாறதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த பக்தி. நாற்பது, ஐம்பது வயது தாண்டின சில பேர் அப்பிடி வாறதில்ல. தலையை நிமிர்த்தி, வாசல் பக்கம் ஒருக்காப் பார்த்துவிட்டுத்தான் இடத்துக்குப் போவாங்க. பக்தி குறைவு என்று நான் நினைச்சிருக்கிறன். இப்ப அப்படி நினைக்கமாட்டன்.

இரண்டாவது, அது வாயை மூடும். கொலைகாரனைத் தெரிந்தால் ஊர் அவனைப் பற்றிப் பேசும், திட்டும், பயப்படும். தெரியாவிட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். யார் ஆருக்கு மச்சான், யார் எந்த இயக்கத்தில இருந்தது, யாருட மகன் எந்தக் கட்சி ஒஃபிசில வேலை, இதெல்லாம் எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே ஒருத்தரும் ஒண்டும் கதைக்கிறதில்ல. பூசையில சமாதானம் சொல்லுற நேரம் வரும். கை கூப்பி, முன்னுக்கு, பின்னுக்கு, பக்கத்தில எல்லாருக்கும் தலை குனிவோம். அந்த நேரத்தில் "இவருக்கு ஏதும் தெரிஞ்சிருக்குமோ" என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால், அது அவருடைய குற்றமில்லை. உண்மையைக் கண்டுபிடிக்காமல் விட்டவர்கள் அந்தச் சந்தேகத்தை எங்கட வாங்குகளுக்கு நடுவில் கொண்டுவந்து இருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூன்றாவது, அது விசுவாசத்தின் மொழியைக் கெடுக்கும். இதைத்தான் நான் கூட யோசிக்கிறன்.

மறைக்கல்வி வகுப்பில ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஐந்து படிகள் பாடமாக்கினோம். பாவங்களை நினைவுக்குக் கொண்டு வருதல், மனம் வருந்துதல், இனிமேல் செய்வதில்லை என்று உறுதி எடுத்தல், குருவிடம் அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். இந்த ஐந்தில் ஒன்றும் "மறந்துவிடுதல்" இல்லை. ஆனால் எங்களுக்குக் கிடைக்கிற பிரசங்கம் என்ன? காயங்களை மறப்போம், மன்னிப்போம், முன்னோக்கிப் போவோம். யாரை மன்னிக்கிறது? எதுக்காக? ஒருத்தரும் வந்து "நான்தான் செய்தன்" என்று சொல்லவில்லை. ஒருத்தரும் மனம் வருந்தவில்லை. பரிகாரம் இல்லை. பேரில்லாத ஒருத்தரை மன்னிக்கச் சொல்வது, கேட்காமலே இரு என்று சொல்வதற்கு ஒரு பக்தியான வார்த்தை. இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டு மன்னித்தார், உண்மைதான். ஆனால் ஆணி அடித்தவர்கள் அவருக்குக் கண்முன்னால்தான் நின்றார்கள்.

நான் மன்னிப்புக்கு எதிரானவள் இல்லை. மன்னிப்பு என்பது பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கிற ஒரே பலம் என்று நினைக்கிறன். அதனால்தான் அதை மற்றவர்கள் எடுத்துச் செலவழிக்கிறது பிடிக்கயில்ல.

திருச்சபைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கு, 1211. ஒரு புனித இடத்தில், விசுவாசிகளுக்கு இடறலாக, பாரதூரமான ஒரு செயல் நடந்தால் அந்த இடம் மாசுபட்டுப்போகும். பரிகாரச் சடங்கு ஒன்றைச் செய்து அந்தச் சேதத்தைச் சரிசெய்யும் வரைக்கும் அங்கே வழிபாடு செய்யக்கூடாது என்று அது சொல்கிறது. இதை வாசிச்சபோது எனக்குத் திருச்சபை மேல் ஒரு மரியாதை வந்தது. கொலை நடந்த இடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த பூசையை வைக்க முடியாது என்று ஒரு சட்டமே எழுதி வைத்திருக்கிறார்கள். நிலத்துக்கும் பீடத்துக்கும் அந்த மரியாதை இருக்கிறது. நிலத்தில் விழுந்து படுத்த சனத்துக்கு? அவர்களைக் கூப்பிட்டு "நீங்கள் என்ன கண்டீர்கள், இப்ப எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதும் சேதத்தைச் சரிசெய்வதில் ஒரு பகுதியாக இருக்கக்கூடாதா? என்ட அம்மம்மாவிடம் அதைக் கேட்ட முதல் ஆள், அவட பேத்தி. அதுவும் கீரை ஆயக்குள்ள.

அந்தக் கோவிலுக்கு 2005 முதல் தடவையும் இல்லை. 1988 ஜூன் 6, இந்தியப் படை மட்டக்களப்பில் நின்ற காலம். மரியாள் ஆலயத்தின் பங்குத்தந்தையும் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவருமான சந்திரா பெர்ணாண்டோ அடிகளார் அதே ஆலய வளாகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். காணாமல் போனவர்களுக்காகவும் பிடித்துக்கொண்டு போனவர்களுக்காகவும் ஒவ்வொரு முகாமாக ஏறி இறங்கினவர். அந்தக் கொலைக்கும் இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. முதல் கொலைக்குப் பதில் கேட்டிருந்தால் இரண்டாவது நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வளாகத்துக்குள் சுட்டுவிட்டுப் போகலாம், ஒன்றும் நடக்காது என்பதற்கு 2005இல் ஏற்கனவே ஒரு உதாரணம் இருந்தது.

நான் கம்பஸ் போற ரோட்டும் அப்பிடித்தான். வந்தாறுமூலையில இறங்கி ஏறுற அந்த வாழைச்சேனை ரோட்டில, 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, யூஜின் ஹீபர்ட் அடிகளார் தன்ட ஸ்கூட்டரில மட்டக்களப்புக்கு வந்துகொண்டு இருந்தார். அமெரிக்காவில இருந்து வந்த இயேசு சபைக் குரு. புனித மிக்கேல் கல்லூரியில படிப்பிச்சு, பொடியன்களுக்கு பாஸ்கட்போல் பழக்கினவர். பின்னால ஒரு தமிழ்ப் பொடியன் இருந்தான். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. ஸ்கூட்டரும் இல்லை. அடுத்த மாதம் 5ஆம் திகதி எங்கட கம்பஸ் அகதி முகாமில இருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள். 2006 டிசம்பர் 15ஆம் திகதி எங்கட உபவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமல் போனார். அந்த விசயமாக 2025 ஏப்ரலில் சந்திரகாந்தன் மறுபடி கைதாகி, மறுபடியும் அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்தான் தடுத்து வைக்கப்பட்டார். இந்த முறையாவது வாக்குமூலத்துக்கு மேல சான்று தேடுவார்களா என்பதுதான் எனக்குள்ள கேள்வி.

இப்ப இரண்டு மறுப்புகள். இரண்டும் நான் நேரில் கேட்டவை.

ஒன்று: "அவர் அரசியல்வாதி. அரசியலுக்காகச் சுட்டாங்க. அதில கோயிலுக்கு என்ன சம்பந்தம்?" இதை என்னிடம் சொன்னது எங்கட அன்பியத்தில இருக்கிற ஒரு அங்கிள், நல்ல மனிசன். சம்பந்தம் என்னவென்றால், செய்தவர்கள் அவரை ரோட்டில் வைத்துச் சுடவில்லை. நத்தார் பூசையைத் தெரிவு செய்தார்கள். அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார், எப்ப எழும்புவார், எந்தப் பக்கம் திரும்பி வருவார் என்பது பூசை தெரிந்த எவருக்கும் தெரியும். எங்கட வழிபாட்டின் ஒழுங்கையே அவர்கள் பயன்படுத்தினார்கள். அப்படியிருக்க, இது எங்கட விசயமில்லை என்று நாங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

மற்றது ஒரு முஸ்லிம் சிநேகிதி கேட்டது. காத்தான்குடிப் பிள்ளை, என்ட பட்ச். "நீங்க ஒரு கொலையைப் பத்தி இவ்வளவு கதைக்கிறீங்க. எங்கட பள்ளிவாசலைப் பத்தி உங்கட ஆக்கள் எப்பயாவது கதைச்சிருக்காங்களா?"

என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடி மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தது விடுதலைப் புலிகள் என்று உயிர் தப்பினவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. மரியாள் பேராலயத்தில் இருந்து அந்தப் பள்ளிவாசல்கள் சில கிலோமீற்றர்தான். தொழுகையில் முதுகு காட்டி நின்றவர்களைச் சுட்டதும், நற்கருணை வாங்கினவரைச் சுட்டதும் ஒரே வகைப் பாவம். ஒன்றுக்கு நீதி கேட்டு மற்றதுக்கு மௌனமாக இருந்தால், நாங்கள் கேட்பது நீதி இல்லை, எங்கட பக்கக் கணக்கு. அவ கேட்டது சரி. நான் வாயால் ஒத்துக்கொண்டதை இங்கே எழுத்திலும் வைக்கிறேன்.

பழைய கதையைக் கிண்டக் கூடாது என்று சொல்பவர்களுக்கு 2019ஐ ஞாபகப்படுத்த வேணும். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள். எனக்கு அப்ப பதினாறு வயசு. அதற்குப் பிறகு கன காலம் கோவில் வாசல்ல துவக்கோட ஆட்கள், எங்கட பைக்குள்ள கை விட்டுப் பார்த்து, பூசைப் புத்தகத்தையும் விரிச்சுப் பார்த்து உள்ளுக்கு விட்டார்கள். அம்மம்மா அண்டைக்கு ஒண்டே ஒண்டுதான் சொன்னா: "இப்பவாவது வாசலைப் பாக்கிறாங்க."

ஆனால் உயிர்த்த ஞாயிறு விசயத்தில் கத்தோலிக்கத் திருச்சபை சும்மா இருக்கவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் வருடக்கணக்காக விடாமல் கேட்டார். கறுப்புக் கொடி கட்டினார்கள், வீதிக்கு இறங்கினார்கள், வத்திக்கானுக்குக் கொண்டு போனார்கள். உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில், தாக்குதலைத் தடுக்கத் தவறினதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. "மறப்போம், மன்னிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது. விசுவாசமும் விடாப்பிடியும் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்று எங்களுக்குக் காட்டினது அதே திருச்சபைதான். அப்படியென்றால் அந்தக் குரலில் பாதியையாவது மரியாள் கோவிலுக்காகவும் எழுப்பியிருக்கலாம். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டியில் காணாமல் போன ஜிம் பிரவுண் அடிகளாருக்காகவும் எழுப்பியிருக்கலாம். தமிழ்ப் பகுதியில் கோவிலுக்குள் நடந்தால் அது போர், கொழும்பில் நடந்தால் அது பாவம் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. எங்களுக்கு அப்படித்தான் கேட்கிறது.

இனி, நான் கேட்பது பெரிய விசயங்கள் இல்லை.

முதலாவது, அரசாங்கத்திடம். வழக்கை ஏன் தொடரவில்லை என்ற காரணத்தை முழுமையாக, தமிழில், வெளியில் வையுங்கள். விடுதலையானவர்களைத் திரும்ப இழுக்கச் சொல்லவில்லை. கொலையை விசாரிக்கச் சொல்கிறேன். ஒரு கொலை வழக்கு, குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானதோடு முடிவதில்லை. செய்தவர் யார் என்று தெரிந்தால்தான் முடியும்.

இரண்டாவது, மறைமாவட்டத்திடம். அன்றிரவு அங்கே இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இப்ப எழுபது, எண்பது வயது. ஒவ்வொரு வருடமும் ஒருவர் இருவரைச் சேமக்காலைக்குக் கொண்டு போகிறோம். அவர்கள் கண்டதும் அவர்களோடு போகிறது. அவர்கள் விரும்பினால், பேர் வெளியில் வராமல், சொல்வதை எழுதி வையுங்கள். நீதிமன்றத்துக்கு இன்றைக்கே உதவாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டு எழுதுகிற வேலைக்கு எங்களைப் போல இளைஞர் கழகங்களில் ஆட்கள் இருக்கிறோம். கரப்பந்துப் போட்டியும் ஒளிவிழாவும் நடத்துகிற எங்களுக்கு இதையும் செய்யலாம்.

மூன்றாவது, எங்கட பங்குகளிடம். கட்சிக்காரர்கள் வருடாவருடம் படத்துக்கு மாலை போட்டு நினைவேந்தல் செய்கிறார்கள், செய்யட்டும். நாங்கள் செய்ய வேண்டியது வேற. ஜூன் 6ஆம் திகதியும் நத்தாரன்றும் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு வரி. கொல்லப்பட்டவரின் பேரைச் சொல்லி, உண்மை வெளிவர வேண்டும் என்று கேட்கிற ஒரு வரி. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிக்கும் அதே வரி. மன்றாட்டு வாசிக்க ஆள் வேணுமென்றால் நான் வாறன்.

இதை எழுதி முடித்து அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினன். பேர் போடயில்லத்தானே என்று மட்டும் இரண்டு தரம் கேட்டா. இல்ல எண்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பக்கத்தில இருந்தவ யார் என்று சொன்னா. வெடி கொளுத்துறாங்க என்று அண்டைக்கு ஆரிடம் சொன்னாவோ, அவ. எங்கட வீட்டில இருந்து நாலு வீடு தள்ளி. ஒவ்வொரு நாளும் காலையில பூ ஆய எங்கட வளவுக்குத்தான் வருவா. இருபது வருசமா இரண்டு பேரும் அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை கதைச்சதில்லையாம்.

"நீ வேணுமெண்டா அவக்கிட்டயும் கேட்டுப் பார் மகள்" எண்டா. "நான் சொன்னன் எண்டு சொல்லு."